பீதியும் மறுப்பும்: ஸ்ரான்லி கோகனின் சமூகவியல் பற்றி ஒரு மதிப்பீடு

ஓர் அறிஞர் எழுதிய நூல்களைத் தனித்தனியே கற்பது ஒன்று. அவற்றை ஒருங்கு வைத்து, முன்னது பின்னதற்கு எவ்வாறு விளக்கந் தருகின்றது என நோக்குவது வேறொன்று. பெரும்பாலும் முதலாவதே நிகழ்கின்றது. பாடத்திட்டம் ஒரு நூலை ஒரு தலைப்பின் கீழும் மற்றொரு நூலை வேறொரு தலைப்பின் கீழும் வைத்துவிடுகின்றது. மாணவரும் அவற்றை இருவர் எழுதினார் போலக் கற்றுத் தேறுகின்றனர். குற்றவியல் கற்போர் நன்கறிந்த ஸ்ரான்லி கோகனுக்கு நேர்ந்தது இதுவே. 1972இல் வெளிவந்த அவருடைய நூலொன்று, சமூகம் சிறு தீங்கைப் பெரும் பேயாக்கி அஞ்சுவதைப் பற்றியது. 2001இல் வெளிவந்த நூல், சமூகம் பெருந் தீங்கைக் கண்முன்னே கண்டும் காணாதிருப்பதைப் பற்றியது. முன்னது இளைஞர் குற்றம், செய்தித்தாள், பொலிஸ் என்னும் பொருள்களில் எடுத்தாளப்படுகின்றது. பின்னதோ மனித உரிமை பற்றிய பாடங்களிலும், அண்மைக் காலத்திற் காலநிலை மாற்றம் குறித்த மக்கள் மனப்பாங்கினை ஆராய்வோரிடத்தும் பெருவழக்காயிற்று.

இவ்விரு நூல்களும் ஒன்றற்கொன்று காவலாய் அமைந்தவை என்பதும், பின்னதை மட்டும் கைக்கொண்டு காலநிலை பற்றிப் பேசுவோர் முன்னது கண்டித்த பிழையையே தாமும் செய்ய நேரும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இது வெறும் புலமைச் சிக்கலன்று. ஒரு பெருந் தீங்கினை அறிந்தும் வாளாவிருக்கும் மக்களை என்ன பெயரிட்டு அழைப்பது, அவர்மீது எவ்வளவு குற்றஞ் சாற்றுவது என்னும் நீதிப் பிரச்சினை இதனுள் அடங்கியுள்ளது. ஆதலின் கோகனின் ஆய்வு வாழ்வை முதலிற் சுருங்க நோக்கிப் பின்னர் அவ்வினாவை எடுத்துக்கொள்வோம்.

கோகன் 1942இல் தென்னாபிரிக்காவின் யொகன்னஸ்பேர்க் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அந்நகரிலுள்ள விற்வாற்றர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்திற் கற்றவர். நிறவொதுக்கல் நாட்டின் சட்டமாய் நின்ற காலம் அது. 'மறுப்பின் நிலைகள்' என்னும் 2001ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்தில் அவர் தம் இளமை நினைவொன்றைக் கூறுகின்றார். குளிர்கால இரவொன்றிலே தம் வீட்டைக் காக்க அமர்த்தப்பட்ட முதிய சுலு இனத்தவர் ஒருவர் வெளியே கரி நெருப்பிற் கை காய்ச்சி நிற்பதைச் சிறுவனாகிய தாம் சாளரத்தின் வழியே கண்டதையும், தாம் வெதுவெதுப்பான படுக்கையிற் கிடக்க அவர் ஏன் அங்கே நிற்றல் வேண்டும் என்ற எண்ணம் தம்மிடத்து எழுந்ததையும் அங்கே காணலாம். அக்காவலாளி எவர் கண்ணுக்கும் மறைந்தவர் அல்லர். வீட்டார் யாவரும் அவரைக் கண்டனர்; கண்டும் அவரைப் பற்றி எண்ணவில்லை. காண்பதற்கும் எண்ணுவதற்கும் இடையே கிடக்கும் இவ்வெளியே கோகனின் வாழ்நாள் ஆய்வுப் பொருளாயிற்று எனலாம்.

அவர் 1963இல் இலண்டன் சென்று, உளமருத்துவச் சமூகப் பணியாளராகச் சில காலம் தொழில் செய்தார். பின் இலண்டன் பொருளியற் கல்லூரியிற் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்தார். டறம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும், எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகவும் பேராசிரியராகவும் விளங்கினார். 1968இல் யோர்க் நகரிற் கூடிய நெறிபிறழ்வு ஆய்வாளர் மாநாட்டை நிறுவிய எழுவருள் அவரும் ஒருவர். குற்றஞ் செய்தவனை மட்டும் ஆராயும் பழைய குற்றவியலை விடுத்து, ஒரு செயலைக் குற்றமென்று பெயரிடுவோரையும் அப்பெயரீட்டின் பயனையும் ஆராய்தல் வேண்டும் என்பது அவ்வறிஞரின் கொள்கை.

அக்கொள்கையின் கனியே 1972ஆம் ஆண்டு நூல். 1964இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையின்போது, கிழக்கு இங்கிலாந்திலுள்ள கிளக்ரன் என்னும் கடற்கரை ஊரில், 'மொட்' எனவும் 'ரொக்கர்' எனவும் அழைக்கப்பட்ட இளைஞர் கூட்டங்களிடையே சச்சரவு மூண்டது. குளிரும் மழையுமாயிருந்த நாள். பொழுதுபோக்குக்கு வழியில்லாத ஊர். சில சாளரங்கள் உடைந்தன. கடற்கரைக் குடில்கள் சில சேதமுற்றன. அங்கு நேர்ந்த சேதம் ஏறத்தாழ 500 பவுண் பெறுமதி மட்டுமே எனக் கோகன் காட்டுகின்றார். ஆயினும் மறுநாட் செய்தித்தாள்கள் ஊரே சூறையாடப்பட்டதுபோல் எழுதின. அடுத்த விடுமுறைகளில் பிரைற்றன், மார்கேற் முதலிய ஊர்களிற் பொலிசார் முன்கூட்டியே குவிக்கப்பட்டனர். கலகம் வரும் என எதிர்பார்த்து மக்களும் வேடிக்கை பார்க்கத் திரண்டனர். எதிர்பார்த்தவாறே கலகமும் வந்தது. நீதவான்கள் தண்டனையோடு வசையும் வழங்கினர். சேதம் விளைப்போர்க்கான தண்டத்தை உயர்த்துஞ் சட்டம் அவ்வாண்டிலேயே பாராளுமன்றத்தில் நிறைவேறிற்று. இவ்வாறு ஒரு கூட்டத்தாரைச் சமூக ஒழுக்கத்தின் பகைவராக்கி, அவர்பால் அளவிறந்த அச்சத்தை வளர்ப்பதனையே கோகன் 'ஒழுக்கப் பீதி' என்றார். அவ்வாறு ஆக்கப்பட்டோரை 'ஊரார் கற்பித்த பேய்கள்' என்னும் பொருள்பட அழைத்தார். ஒழுக்கப் பீதி என்னும் தொடர் இன்று செய்தித்தாள் நடையிலும் கலந்துவிட்டது.

இந்நூலிற் பலர் கருதாது விடும் செய்தி ஒன்றுண்டு. கடற்கரைச் சச்சரவும் அதன்பாற் சமூகங் காட்டிய எதிர்வினையும் படிப்படியாக வளர்ந்தமையை விளக்கக் கோகன் எடுத்துக்கொண்ட அமைப்பு, வெள்ளம், புயல் முதலிய இயற்கை அழிவுகளை ஆராய்ந்த சமூகவியலாரிடமிருந்து பெற்றது. எச்சரிக்கை, தாக்கம், சேதக் கணிப்பு, எதிர்வினை என அவர் வகுத்த நிலைகள் அழிவு ஆய்வின் நிலைகளேயாம். அழிவு ஆய்வார் வினாவியது, எச்சரிக்கை கிடைத்தும் மக்கள் ஏன் ஊரை விட்டு நீங்குவதில்லை என்பது. கோகன் அதே அமைப்பைக் கொண்டு, அழிவே இல்லாதவிடத்தும் மக்கள் ஏன் எச்சரிக்கை ஒலிக்கின்றனர் என வினாவினார். ஆகவே மிகையச்சமும் அச்சமின்மையும் ஒரே பொருளின் இரு பக்கங்கள் என்னுங் கருத்து அவருடைய ஆய்வின் தொடக்கத்திலேயே வித்தாகக் கிடந்தது.

இடைக்காலத்து நூல்கள் இரண்டை இங்கு நினைவுகூர்தல் தகும். லோரி ரெயிலர் என்பாருடன் சேர்ந்து, டறம் சிறையின் கடுங்காவற் பகுதியில் நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தோருக்கு வகுப்பு நடாத்தச் சென்றவர், அவர்தம் உளநிலையை ஆராய்ந்து 1972இல் ஒரு நூலாக்கினார். 1985இல் வெளிவந்த 'சமூகக் கட்டுப்பாட்டின் தரிசனங்கள்' என்னும் நூல் அதனினும் ஆழமானது. சிறைக்குப் பதிலாகச் சமூகத்தினுள்ளேயே குற்றவாளியைத் திருத்தலாம் என நல்லெண்ணத்தோர் வகுத்த திட்டங்கள் எவ்வாறு முடிந்தன என்பதை அது ஆராய்கின்றது. சிறைகள் குறையவில்லை, புதிய திட்டங்கள் அவற்றோடு கூடின. முன்னர் எச்சரித்து விடப்பட்டிருக்கக்கூடிய சிறு பிழையாளரும் மேற்பார்வை என்னும் வலையிற் சிக்கினர். வலை அகன்றது, அதன் கண்களும் சிறுத்தன. நன்மை நாடிச் செய்யப்படுவதும் தண்டனை முறையைப் பெருக்கக் கூடும் என்னும் இவ்வெச்சரிக்கை, பின்னர் நாம் காணப்போகும் பிரச்சினைக்கு மிகவும் வேண்டப்படுவது.

1980இற் கோகன் குடும்பத்துடன் இஸ்ரேல் சென்று எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். பலஸ்தீனக் கைதிகள் விசாரணையின்போது வதைக்கப்படுதல் பற்றி, டஃப்னா கோலான் என்பாருடன் சேர்ந்து அவர் தயாரித்த அறிக்கையை 'பெற்செலம்' என்னும் மனித உரிமை அமைப்பு 1991இல் வெளியிட்டது. அறிக்கைக்குக் கிடைத்த மறுமொழிகளே அவரைப் புதியதோர் ஆய்வுக்கு இட்டுச்சென்றன. அப்படி ஒன்றும் நிகழவில்லை என்றனர் சிலர். நிகழ்ந்ததற்கு வதை என்பது தகுந்த பெயரன்று என்றனர் வேறு சிலர். நாட்டின் காவலுக்கு அது இன்றியமையாதது என்றனர் மற்றுஞ் சிலர். இவற்றினும் அவரை வியப்பில் ஆழ்த்தியது, யாவற்றையும் ஒப்புக்கொண்டு, வருந்தி, பின் தத்தம் அலுவலைப் பார்க்கச் சென்ற நல்லோரின் அமைதியே. 1996இல் இலண்டன் பொருளியற் கல்லூரிக்கு மீண்டு, ஐந்தாண்டின் பின் அவர் வெளியிட்ட 'மறுப்பின் நிலைகள்' இவ்வமைதிக்கு எழுதப்பட்ட விளக்கமாகும்.

அந்நூல் மறுப்பை மூவகைப்படுத்துகின்றது. நிகழ்ந்ததை நிகழவில்லை எனல் முதலாவது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போன்றது. நிகழ்ந்ததை ஒப்புக்கொண்டு அதற்கு வேறு பெயரும் வேறு பொருளும் கற்பித்தல் இரண்டாவது. நிகழ்ச்சியையும் அதன் பொருளையும் ஒப்புக்கொண்டு, அதனால் தமக்கு எழும் கடப்பாட்டினை மட்டும் உணராதொழிதல் மூன்றாவது. இதனைக் கடப்பாட்டு மறுப்பு எனலாம். இப்பாகுபாட்டின் வேர் குற்றவியலிலேயே உள்ளது. அமெரிக்க ஆய்வாளர் கிரெஷம் சைக்ஸ், டேவிட் மட்சா ஆகியோர் 1957இல் எழுதிய கட்டுரையில், குற்றம் புரியும் இளைஞர் தம் மனச்சான்றை அடக்கக் கூறிக்கொள்ளும் சாட்டுக்களை ஐந்தாக வகுத்தனர்: பொறுப்பு என்னுடையதன்று, தீங்கு எதுவும் விளையவில்லை, அவன் அதற்குத் தக்கவனே, என்னைக் குறை கூறுவோர் மட்டும் யோக்கியரோ, என் கூட்டாளிகளுக்காகச் செய்தேன் என்பன அவை. தெருவோரச் சிறுவன் கூறும் சாட்டுக்களையே அரசுகளும் அமைச்சர்களும் சொல்லலங்காரத்தோடு கூறுகின்றனர் எனக் காட்டியது கோகனின் தனிச் சாதனை. இந்நூல் பிரித்தானியக் கலைக்கழகத்தின் நூற்பரிசையும் பெற்றது.

தூங்குகின்றவனை எழுப்பலாம், தூங்குவது போல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்பது நம் பழமொழி. கோகன் காட்டுவது இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் நிலையை. அவன் தூங்கவுமில்லை, நடிக்கவுமில்லை, விழித்தே இருக்கின்றான், ஆயினும் எழுந்து செய்வதற்கு அங்கே ஏதும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. இந்நிலையை அறியாமை என்றும் பொய் என்றும் கூறவியலாது என்பதனைத் தெளிவுறுத்தியமையே அந்நூலின் பெருமை.

2001ஆம் ஆண்டு நூலின் பொருள் அரசுகள் இழைக்கும் கொடுமைகளும் அவற்றை நோக்கி நிற்போரின் நிலையுமே, காலநிலை அன்று. அதனைக் காலநிலைக்குக் கொண்டுசென்றோருள் தலையாயவர் அமெரிக்கச் சமூகவியலாளர் கரி மரி நோர்கார்ட். அவர் 2000-2001ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தை மேற்கு நோர்வேயின் ஊரொன்றிற் கழித்தார். 'பிக்டபி' என்னும் புனைபெயரால் அவர் குறிக்கும் அவ்வூரில் அவ்வாண்டு பனி காலந்தாழ்த்தே பொழிந்தது. பனிச்சறுக்கு விளையாட்டுக்குச் செயற்கைப் பனி வேண்டியதாயிற்று. ஏரியின் பனிக்கட்டி, துளையிட்டு மீன்பிடிக்கும் அளவுக்கு உறையவில்லை. இது காலநிலை மாற்றத்தின் குறி என ஊரார் அறிவர், செய்தித்தாளிலும் படித்தனர், போகிற போக்கிற் பேச்சிலும் குறிப்பிட்டனர். ஆயினும் ஊர்க் கூட்டத்திலும் அரசியற் பேச்சிலும் அது ஒரு பொருளாக எழவேயில்லை. 2011இல் வெளியான 'மறுப்பில் வாழ்தல்' என்னும் நூலில் நோர்கார்ட் இதனை விளக்குகின்றார். எண்ணெயால் வளங்கொழிக்கும் நாட்டினர் அவர். இயற்கையோடு இயைந்த எளிய, நேரிய மக்கள் எனத் தம்மைக் கருதுவோரும் அவரே. இவ்விரண்டும் ஒருங்கே நினைக்கப்படின் குற்றவுணர்வும் கையறுநிலையும் மேலெழும். எதனைப் பேசுவது, எதனைப் பேசாதொழிவது என்னும் ஊர்வழக்கு அவ்வுணர்வுகளை அமுக்கிவைக்கின்றது. நாம் சிறிய நாடு, பெரிய நாடுகளே பெருங் குற்றவாளிகள் என்னும் பேச்சும் துணைக்கு வருகின்றது.

கோகனின் மூன்றாம் வகை இங்கே எத்துணைப் பொருத்தமாயுள்ளது என்பது வெளிப்படை. மக்களுக்கு அறிவு போதாமையாலேயே அவர் வாளாவிருக்கின்றனர், தகவலைப் பெருக்கினாற் செயல் பெருகும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. வளிமண்டலக் காபனீரொட்சைட்டின் அளவு 1958 முதல் ஹவாயித் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கப்பட்டு வருகின்றது. அன்று பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காயிருந்தது இன்று 420ஐயுந் தாண்டிவிட்டது. அரசுகளிடை அறிவியற் குழு நிறுவப்பட்ட 1988ஆம் ஆண்டு முதல் அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. தகவல் பெருகியது, காபனீரொட்சைட்டும் பெருகியது. ஆகவே அறிவின்மைக் கொள்கை தோற்றதென்பதும், அதனிடத்தைக் கோகனின் கொள்கை ஏற்றதென்பதும் ஒப்புக்கொள்ளற்பாலன. இவ்வளவில் நமக்கு அவரோடும் நோர்கார்டோடும் வேற்றுமையில்லை.

எனினும் ஒரு கருவியை ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குக் கொண்டுசெல்லும்போது அக்கருவியோடு எவை ஒட்டிக்கொண்டு வருகின்றன என ஆராய்தல் வேண்டும். மறுப்பு என்னுஞ் சொல் நீதிமன்றத்து வாடை வீசுஞ் சொல். மறுப்பதற்கு முன்னே ஒரு குற்றச்சாட்டு இருத்தல் வேண்டும். கோகன் ஆராய்ந்த வதைச் செயலில், செய்தவன் ஒருவன், பட்டவன் ஒருவன், பார்த்து நின்றவன் ஒருவன் என மூவரும் வெவ்வேறாக நிற்கின்றனர். காலநிலை மாற்றத்திலோ இம்மூவர்க்குமிடையே இத்தகைய எல்லை இல்லை. பிக்டபி ஊரான் எண்ணெய்ச் செல்வத்தை நுகர்வதாற் செய்தவன். பனியை இழப்பதாற் பட்டவன். பேசாதிருப்பதாற் பார்த்து நின்றவன். ஒரே ஆள் மூன்று வேடமும் பூண்டு நிற்குமிடத்து, மறுப்பு என்னும் ஒரே சொல் அவனுடைய எந்த வேடத்தைச் சாடுகின்றது?

இதிலிருந்து எழும் முதற் குறை, பெருங் குற்றமும் சிறு பிழையும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றமையே. எக்சன்மோபில் எண்ணெய் நிறுவனத்தின் அறிவியலார் 1977 முதல் 2003 வரை செய்த வெப்பநிலைக் கணிப்புக்கள் பெரும்பாலும் பிழையற்றவை என்பதை, 'சயன்ஸ்' இதழில் 2023இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அக்காலத்தில் அதே நிறுவனம் காலநிலை அறிவியல் ஐயத்துக்குரியது எனப் பொதுமக்கள் முன்னே பேசி வந்தது. இது அறிந்து செய்யப்பட்ட முதல்வகை மறுப்பு. பிக்டபி ஊரானின் அமைதி மூன்றாம் வகை மறுப்பு. இரண்டும் மறுப்பே எனக் கூறி நிறுத்திக்கொள்வது ஆய்வாகாது. திருட்டையும், திருட்டைக் கண்டு வாய்திறவாமையையும் நீதிமன்றம் ஒரே தட்டில் வைப்பதில்லை; எண்ணம், அறிவு, ஆற்றல், பெற்ற பயன் என்பவற்றைத் தனித்தனி நிறுத்துப் பார்க்கின்றது. குற்றவியலிற் பயின்ற கோகனின் பாகுபாட்டிலே மறுப்பின் வடிவங்கள் நுணுக்கமாக வகுக்கப்பட்டுள்ளன. ஆனால், மறுப்பவரின் ஆற்றல் அளவு அவ்வாறு வகுக்கப்படவில்லை. கொடுமைகளைப் பற்றிய நூலில் இக்குறை அத்துணை உறுத்தவில்லை. ஏனெனில் அங்கே செய்தவன் யார் என்பது வேறு வகையால் முன்னரே தெளிவாயுள்ளது. காலநிலைக்கு வரும்போதே அது வெளிப்படுகின்றது.

இரண்டாங் குறை இதனினும் பெரிது. அதனைக் காட்டுதற்குக் கோகனின் 1972ஆம் ஆண்டு நூலே நமக்குச் சான்று. மறுப்பு என்பது ஒரு செயலின் பெயராயிருக்கும்வரை ஆய்வுக்குப் பயன்படும். 'மறுப்பாளர்' என்று அது ஆட்பெயராகும்போது வேறொன்று நிகழ்கின்றது. காலநிலை பற்றிய வாதத்தில் இச்சொல் இன்று ஒரு கூட்டத்தாரின் முத்திரையாயிற்று. அமெரிக்காவில் ஆரன் மக்றைற், றைலி டன்லப் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பழைமைவாதக் கொள்கையுடைய வெள்ளையின ஆண்களிடையே காலநிலை மறுப்பு மிகுந்திருத்தலைக் காட்டியது. ஆய்வு என்ற அளவில் அது மதிப்புடையது. ஆயின் ஆய்வு முடிவு பொதுப் பேச்சாகும்போது, இன்ன தோற்றமும் இன்ன கட்சியுமுடையவர் இத்தகையோர் என்னும் உருவப்படம் ஒன்று தயாராகிவிடுகின்றது. கிளக்ரன் கடற்கரையில் மேலங்கியையும் மோட்டார்ச் சைக்கிளையும் கண்டு ஆளை முடிவுசெய்தவர் செய்ததும் இதுவே. முத்திரை குத்தப்பட்டோர் அம்முத்திரையையே தம் அடையாளமாகக் கொள்வர், விலகல் மேலும் வலுப்படும் என்பது அந்நூல் நிலைநாட்டிய உண்மை. ஐயமுற்ற ஒருவனை மறுப்பாளன் என்று அழைப்பது, அவனை உறுதியான மறுப்பாளனாக்கும் நேர்வழி.

கோகன் இவ்விணைப்பை அறியாதவர் அல்லர். 1972ஆம் ஆண்டு நூலின் 2002ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அவர் எழுதிய புதிய முன்னுரையின் முடிவில், அன்று பீதியை வெற்றிபெறச் செய்த அதே நிலைமைகளை வேண்டுமென்றே மீள உண்டாக்கி, மனிதத் துன்பத்தின்பால் மக்கள் கொண்டுள்ள மறுப்பையும் சோர்வையும் வெல்லலாகாதா என்னும் கருத்தை வெளியிடுகின்றார். அவரது சிந்தனையின் மிகத் துணிந்த இடம் இதுவே. நம் கருத்தில் மிக வலுவற்ற இடமும் இதுவே. காலநிலைக்கு இதனைப் பொருத்தி நோக்கியோரும் உளர். அமண்டா றோலொஃப் என்பார் 2011இல் எழுதிய கட்டுரையில், ஒழுக்கப் பீதி என்னுங் கருத்தைக் காலநிலை மாற்றத்தோடு வைத்து ஆராய்ந்தார். தீங்கு மெய்யாயிருக்கும்போது அதன்பால் எழும் அச்சத்தைப் பீதி எனலாமா என்பது நல்ல வினாவே. ஆயின் பீதியின் இயல்பு யாது எனக் கோகனிடமே கேட்போமாயின், அது நோயின் காரணத்தை விட்டு ஓர் ஆளைப் பிடிக்கும், விரைவிற் பொங்கும், விரைவில் அடங்கும், தனக்குப் பின் ஒரு தண்டனைச் சட்டத்தை விட்டுச் செல்லும் என்ற விடையே கிடைக்கும். பல தலைமுறைகள் நின்று செய்யவேண்டிய பணிக்கு இத்தகைய உணர்ச்சி எவ்வாறு உதவும்?

பீதி எப்பக்கம் பாயும் என்பதும் நம் கையில் இல்லை. இங்கிலாந்தில் நிகழ்ந்ததை நோக்குக. காலநிலைக்காகப் போராடியோர் வீதிகளை மறித்தனர். பொதுமக்களின் சினம் எண்ணெய் நிறுவனங்களை விட்டு அவர்மேற் பாய்ந்தது. 2022இலும் 2023இலும் நிறைவேறிய சட்டங்கள் போராட்டங்களைத் தடுக்கும் பொலிஸ் அதிகாரத்தை விரித்தன. புதிய குற்றங்களையும் வகுத்தன. இலண்டனைச் சுற்றிச் செல்லும் பெருந்தெருவை 2022 நவம்பரில் மறிக்கச் சூழ்ந்தமைக்காக, 2024 யூலையில் ஐவருக்கு நான்கு ஆண்டும் ஐந்து ஆண்டுமாகச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2025இல் மேன்முறையீட்டில் அவை குறைக்கப்பட்டனவாயினும் சிறை சிறையே. மறியலால் இடருற்றோரின் முறைப்பாடு பொய்யன்று. அதனையும் மதித்தல் வேண்டும். எனினும் எச்சரிக்கை ஒலித்தவரே ஊராரின் பேயாக மாறியமை கருதத்தக்கது. பீதியைக் கருவியாக்கலாம் என்றெண்ணுவோர் 1972ஆம் ஆண்டு நூலை மறுபடியும் ஒருமுறை படித்தல் நலம்.

அவ்வாறாயின் மறுப்புக்கு எதிர்மொழி யாது? கோகன் அதற்கு இட்ட பெயர் ஏற்பு. அறிந்ததைப் பலரறிய ஒப்புக்கொண்டு, அதனால் விளையும் கடப்பாட்டையும் மேற்கொள்ளுதல் அதன் பொருள். தம் தாய்நாட்டில் 1996இல் விசாரணைகளைத் தொடங்கிய உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவை நோக்கியவர் அவர். எல்லோரும் அறிந்திருந்தது ஓர் அவையில் உரைக்கப்பட்டு, பதியப்பட்டு, ஊரறிந்த உண்மையாகும்போது அதன் தன்மையே மாறுகின்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார். காலநிலைக்கும் வேண்டுவது இதுவென்றே நாம் கருதுகின்றோம். மனம் திரும்பிய தனியாட்களை எண்ணிக் கணக்கிடுவதாற் பயனில்லை. பிக்டபியில் ஒருவன் தன் வீட்டிலிருந்து வருந்துவதால் எண்ணெய்க் கிணறு மூடப்படாது. அவ்வருத்தத்தைச் சொல்லவும் தீர்மானமாக்கவும் ஓர் அவை அவனுக்கு இல்லாதவரை அவன் வாய்திறவாமையைக் குற்றமெனக் கொள்ளல் கடுமையாகும்.

அத்தகைய அவைகள் மெல்ல உருவாகி வருகின்றன. பச்சைவீட்டு வாயுக்களைக் குறைக்கும் கடமை அரசுக்குண்டு என நெதர்லாந்து உயர் நீதிமன்று 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. காலநிலையைக் காக்கும் கடப்பாடு சர்வதேசச் சட்டத்தின்கீழ் நாடுகளுக்குண்டு என ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 2025 யூலையில் ஆலோசனைக் கருத்துரைத்தது. இவற்றிலே பேய்கள் இல்லை, பீதியும் இல்லை. இன்னார்க்கு இன்ன கடமை, இவ்வளவு ஆற்றல், இவ்வளவு பொறுப்பு என்னும் நிறைகோல் உண்டு. கடப்பாட்டு மறுப்புக்கு மருந்து கடப்பாட்டை வரையறுத்துக் கூறுவதே. நீதிமன்றத் தீர்ப்பால் மட்டும் புகைபோக்கி அணையாது என்பார் கூற்று உண்மையே. ஆயினும் தன் பங்கு இவ்வளவு என்று அறிந்தவனுக்கே, அதனைச் செய்யத் தொடங்குதல் கூடும்.

கோகன் 2013 சனவரியில் மறைந்தார். அவருடைய ஆய்வு வாழ்வைத் திரட்டி நோக்குமிடத்து, அவரை மறுப்பு ஆய்வின் ஆசிரியர் எனவோ பீதி ஆய்வின் ஆசிரியர் எனவோ பிரித்துக் கூறுதல் பொருந்தாது. ஒரு தீங்கின் அளவுக்கும் அதன்பாற் சமூகங் காட்டும் உணர்ச்சியின் அளவுக்கும் ஏன் பொருத்தமில்லை என்னும் ஒரே வினாவை அவர் நாற்பதாண்டுகள் வினாவினார். கடற்கரையிலே உணர்ச்சி மிகுந்தது. சிறையிலே நல்லெண்ணம் வலையாயிற்று. எருசலேமிலே உணர்ச்சி உறைந்தது. காலநிலை பற்றி அவர் எழுதியது சிறிதே. பிறர் அவரைக் கொண்டு எழுதியதே பெரிது. அவ்வாறு எழுதுவோர் 2001ஆம் ஆண்டு நூலின் துணையோடு மட்டும் செல்லாது, 1972ஆம் ஆண்டு நூலையும் 1985ஆம் ஆண்டு நூலையும் உடன்கொண்டு செல்வாராயின், கண்டும் காணாதிருப்போரை விளங்கிக்கொள்ளவும், அவரைப் பேயாக்காது அவரோடு பேசவும் இயலும். சமூகவியல் கற்கும் மாணவர் அம்மூன்றையும் வெளிவந்த முறையிலேயே தொடர்ந்து கற்பாராக. ஆய்வாளன் பிறர்மேல் வைக்கும் அளவுகோலைத் தன்மேலும் வைத்தல் வேண்டும் என்னும் பாடம், அவற்றை அம்முறையிற் கற்போர்க்கு ஆசிரியர் துணையின்றியே கிட்டும்.